பேச்சி இறங்குன மத்தியானம்

இப்ப இறங்கிப் போனாளுவளே ரெண்டு பேரு, போற போக்குல என்னையப் பாத்து ‘கள்ளப் பேச்சி’ன்னு சொன்னது உங்க காதுல விழுந்திச்சா யக்கா? விழுந்திருக்கும். மெதுவா சொல்லணும்னு நினைச்சு அவளுவ சொல்லல. நீங்களும் அதுல இருந்து என்னைய ஒரு மாதிரியாத்தான் பாக்கிய. பாருங்க, நல்லாப் பாருங்க. அந்தக் கள்ளப் பேச்சி நான்தான். பேரு பிரம்மசக்தி. ஊரு கீழமாவிளை.

பையை அப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டாம். திருட்டு ஒண்ணும் இல்ல. சாமி வராமலே சாமி வந்த மாதிரி ஆடிட்டேன்னு எம்மேல பிராது. ஆடுனேன். ஆமா, ஆடுனேன். இன்னொரு தடவ அப்படி ஒரு நெருக்கடி வந்தா இன்னொரு தடவையும் ஆடுவேன். நீங்க பாளையங்கோட்டை வரைக்கும் வாறியளா? அப்பம் சரி. பாதியைக் கேட்டுட்டு நாசரேத்துல இறங்கிப் போயி நீங்களும் நாலு பேருட்ட மாத்திச் சொல்லக் கூடாது பாத்தியளா, அதுக்குத்தான் கேட்டேன்.

முன்னால, டிரைவருக்குப் பின்சீட்டுல, கட்டம் போட்ட சட்டை, அவியதான் எங்க வீட்டுக்காரரு. லிங்கத்துரை. மூணு மாசத்துக்கு ஒருக்க பெரியாஸ்பத்திரியில ரத்தம், மூத்திரம் எல்லாம் சோதிக்கணும். கிட்னி பாதிதான் வேலை செய்யுதாம். நெஞ்சும் பழைய நெஞ்சு இல்லங்காவ. வயசு நாப்பத்தாறுதான்க்கா ஆகுது. பாத்தா அறுபது மாதிரி இருக்கில்லா? போன வருசம் வைகாசிக்கு முன்னால நீங்க பாத்திருக்கணும். ஒரு தோளுக்கு ஒரு வாழைத்தாரு, ரெண்டு தாரைத் தூக்கிட்டு வரப்புல விசிலடிச்சுட்டு வருவாவ.

எங்க கோயிலு சுடலைமாடன் கோயிலு. பக்கத்துலயே பேச்சியம்மனுக்கும் ஒரு பீடம் உண்டு. வைகாசி கடைசிச் செவ்வாய் கொடை, எங்க கோயிலுத் திருவிழா. மாடனுக்கு ஆடுற கோமரத்தாடி எங்க மாமனாரு. அவருக்குப் பொறவு இவிய. கோமரத்தாடின்னா தெரியும்லா? சாமி அவிய மேலதான் இறங்கும், அவிய வாயாலதான் குறி சொல்லும், அவிய கையாலதான் ஊரு திருநீறு வாங்கும். அது சும்மா கிடைக்கிற காரியம் இல்ல. மாடன் ஆடுற வீட்டுப் பொம்பளன்னா தண்ணி பைப்புல எங்குடத்தை முதல்ல வைக்க விடுவாளுவ. நான் கேக்க மாட்டேன். அவளுவளே விடுவாளுவ. நான் வச்சிருவேன்.

ஆனா ஒண்ணு, உள்ளதைச் சொல்லணும். இவிய சாதுவான மனுசன். நாளுக்கு நாலு வார்த்தை பேசுனா அதிகம். மாமனாரு ஆடுனா கோயிலு மண்ணு கிளம்பும். இவிய ஆடுனா, எப்படிச் சொல்ல, நெல்லு அவிக்கிற பானைக்குப் பக்கத்துல நின்னு கை மாத்திக் கை மாத்தி வேர்வை துடைக்கிற மாதிரி இருக்கும். முந்துன வருசக் கொடையில தவிலுக்காரரு அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனாரு. அவியளுக்கு ரெண்டு சுத்துக்கு மேல வரல. சனம் மோருப் பந்தலைப் பாத்துப் போயிட்டு.

அப்பந்தான் இந்தச் சுயம்பு வாயத் திறந்தான். இவிய சித்தப்பா மவன், எனக்குக் கொழுந்தன் முறை. கோயில் நிர்வாகி. எல்லாரையும் வச்சுக்கிட்டு, “அண்ணனுக்கு ஆட்டம் சரியா வரமாட்டேங்கு. அடுத்த வருசமும் இப்படின்னா வேற ஆளைத்தான் பாக்கணும்”ன்னான். இவிய வீட்டுக்கு வந்து கிணத்தடியில உக்காந்து காலைக் கழுவுனாவ, கழுவுனாவ, அரை மணி நேரம் கழுவுனாவ. அத்தனைக்கும் காரணம் அந்தச் சுயம்புதான். அவன் மட்டும் அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருந்தா நான் ஏன் மாத்திரையைத் தேடப் போறேன்?

எங்க அண்ணன் முத்துமாலை உப்பு லாரி ஓட்டுதான். தூத்துக்குடியில ஏத்துனா வடக்க எங்கெங்கயோ போவான், மூணு நாளு கண்ணு மூட மாட்டான். “எப்படிண்ணே?”ன்னு கேட்டேன். சட்டைப் பையில இருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டுனான். “இது ஒண்ணு போட்டா மனுசன் குதிரையாட்டம் ஆயிருவான்”ன்னான். அப்பம் குடுன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். அவன், “மச்சானுக்கா? பாத்துக்குடு, வெறும் வயித்துல வேண்டாம்”ன்னு சொன்னான். சொன்னானா, சொல்லலையா, எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பான்.

யக்கா, நான் என்ன விசமா குடுத்தேன்? ஊருல லாரி ஓட்டுறவன் எல்லாம் போடுறதுதானே. எட்டு நாளு ஒருநேர விரதம், அதுவும் பச்சரிசிச் சோறு ஒரு கை. கோடை வெயிலு. மனுசனுக்குத் தெம்பு வேணுமா வேண்டாமா? கொடை அன்னைக்குக் காலையில பானகத்தோட ஒரு மாத்திரை குடுத்தேன். “என்னதுட்டி?”ன்னு கேட்டாவ. “சத்து மாத்திரை”ன்னேன். வாயில போட்டுக்கிட்டாவ. நான் குடுத்தா எதையும் கேக்காமப் போட்டுக்கிடுத மனுசன். ஒரே ஒரு மாத்திரைதான்.

ரெண்டுன்னு வையிங்களேன். முதல்ல போட்டது ஒண்ணும் செய்யல, அதான்.

பத்து மணி இருக்கும், பேச ஆரம்பிச்சாவ பாருங்க. எனக்குச் சிரிப்பு. கல்யாணமாகி இருவத்திரெண்டு வருசத்துல பேசாததை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல பேசுனாவ. மாமனாரு ஆடுன கதை, வாய்க்கா மராமத்து, எங்க கல்யாணத்துல சாம்பாரு பத்தாமப் போனது. உக்கார மாட்டேங்காவ. வேட்டியை அவுத்துக் கட்டுதாவ, திரும்பவும் அவுத்துக் கட்டுதாவ. “பசிக்கலையா?”ன்னா, “பசியா, எனக்கா?”ங்காவ. கண்ணுல கருவிழி பெருசாயி, வெள்ளையே கொஞ்சந்தான் தெரியுது. நான் என்ன நினைச்சேன்? ‘இந்தா வந்துட்டு, மாடன் கண்ணு’ன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். நானே வாங்கி, நானே குடுத்துட்டு, நானே கையெடுத்துக் கும்பிட்டேன்.

மதியக் கொடைக்கு மேளம் எடுத்தாச்சு. யக்கா, ஆட்டம்னா அது ஆட்டம்! இப்ப சொல்லும்போதும் எனக்கு மயிரு கூச்செறியுது, பாருங்க கைய. கச்சையைக் கட்டி, சலங்கை மாட்டி, வல்லயம்ங்கிற ஈட்டியைத் தூக்கிட்டு ஒரு பாய்ச்சல் பாஞ்சாவ. தவிலுக்காரரு ரெண்டடி பின்னால போயிட்டாரு. கோயிலை மூணு சுத்து ஓடுனாவ. உச்சி வெயிலுல, கொதிக்கிற மணலுல. கிழவனுவ எல்லாம், “அப்பனை மிஞ்சிட்டாண்டே”ங்கானுவ. நான் சுயம்பு மூஞ்சியைப் பாத்தேன். அவன் கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கான். எனக்கு அது போதும்னு இருந்திச்சு. அந்த இடத்துலயே சாமி அடங்கியிருந்தா அது போதும்.

அடங்கல.

முக்கா மணி நேரம் ஆச்சு, ஒரு மணி நேரம் ஆச்சு, நிக்க மாட்டேங்காவ. பல்லை நறநறன்னு கடிக்கிற சத்தம் மேளத்துக்கு மேல எனக்குக் கேக்குது. தாடை ஒரு பக்கமா இழுக்கு. கழுத்து நரம்பு துடிக்கிறது பத்தடி தள்ளி நிக்கிற எனக்குத் தெரியுது. அதுவரைக்கும் ஆறா ஓடுன வேர்வை நின்னு போச்சு. உடம்பு காஞ்சு, செவந்து போச்சு. பொறவு குறி சொல்ல ஆரம்பிச்சாவ. “கொல்ல வாரான்! என்னையக் கொல்ல வாரான்! உடம்பெல்லாம் பூச்சி ஊருது, தட்டி விடுங்கடா!”ன்னு கத்துதாவ. சனம் என்ன நினைக்கும்? “ஊருக்கு ஏதோ கெடுதல் வருது, மாடன் முன்கூட்டிச் சொல்லுதாரு”ன்னு பொம்பளைய எல்லாம் விழுந்து கும்பிடுதாளுவ. எனக்கு மட்டும் அந்தக் குரல் தெரியுது. அது மாடன் குரலு இல்ல யக்கா. எங்க வீட்டுக்காரரு பயந்து போயிக் கத்துத குரலு.

ஓடிப்போயி கையைப் பிடிச்சேன். இட்லிச் சட்டி மூடியைத் துணி இல்லாமத் தொட்ட மாதிரி சுட்டுது. என்னைய அவியளுக்கு அடையாளம் தெரியல. தள்ளி விட்டாவ. கை ரெண்டும் வெட்டி வெட்டி இழுக்கு. மேளக்காரனுவ அதைப் பாத்துட்டு அடியைக் கூட்டுதானுவ. எங்க ஊருல அதானே வழக்கம், சாமி வேகம் எடுத்தா மேளமும் வேகம் எடுக்கணும். எவனுக்கும் நிறுத்தத் தோணல. சுயம்பு குரல் குடுக்கான்: “மஞ்சப்பானையை இறக்குங்கடே! சாமி குளிக்கட்டும்!”

மஞ்சப்பானை தெரியும்லா? மஞ்சத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, தென்னம்பாளையை அதுல முக்கி, கோமரத்தாடி தலையில இருந்து கால் வரைக்கும் அடிச்சுக்கிடணும். ஏழு பானை. ஏழும் தளதளன்னு கொதிக்கு. சாமி வந்த உடம்புக்குச் சுடாதும்பாவ. ஏற்கனவே வெந்துக்கிட்டு நிக்கிற உடம்பு அது, அதுமேல ஏழு பானை கொதிதண்ணி! எனக்கு அந்த இடத்துல தெரிஞ்சு போச்சு, நான் தாலியறுக்கப் போறேன்னு.

“நிறுத்துங்க”ன்னு கத்துனேன். யாரு கேக்கா? ரெண்டு பொம்பளைய என்னைய இழுத்துப் பிடிச்சு, “சாமி குளிக்கிற நேரத்துல தடுக்கக் கூடாது மதினி”ங்காளுவ. ‘ஏ சண்டாளிகளா, அது சாமி இல்ல, மாத்திரை’ன்னு சொல்லணும். வாயில வந்துட்டு. சொன்னா என்ன ஆகும்? ஊரு முன்னால அவிய மானம் போகும். கோமரம் போகும். அதுவும் போகட்டும், சொன்னாலும் நம்புவானுவளா? கிறுக்கச்சின்னு ஓரமா தள்ளிட்டுப் பானையைக் கவுத்திருப்பானுவ. மனுசி சொல்லி அன்னைக்கு அங்க எவனும் கேக்க மாட்டான்.

மாடனை யாரு நிறுத்த முடியும்? எங்க கோயிலு வழக்கத்துல ஒரே ஆளுக்குத்தான் முடியும். பேச்சிக்கு. பேச்சி எந்திரிச்சு நின்னா மாடன் ஒதுங்கணும். ஆனா பேச்சிக்கு ஆடுற ஆளு செத்து ஒம்பது வருசமாச்சு. பொறவு யாரு மேலயும் இறங்கல.

கொண்டையை அவுத்து விட்டேன்.

எப்படி ஆடுனேன், என்ன சத்தம் போட்டேன்னு என்னையக் கேக்காதிய. அடிவயித்துல இருந்து ஒரு ஓலம் வந்திச்சு. என்னையப் பிடிச்சிருந்த ரெண்டு பேரும் கையை விட்டுட்டு, “பேச்சி! பேச்சி இறங்கிட்டா!”ன்னு குலவை போட்டாளுவ. இப்ப இறங்கிப் போனாளுவளே, அவளுவதான். முத பானையைத் தூக்கிட்டு வந்தவன் அப்படியே நின்னுட்டான். நான் ஒரே எத்து, பானை உருண்டு போச்சு. எங்காலுல தண்ணி தெறிச்சு வெந்துச்சு, தழும்பு இந்தா இருக்கு பாருங்க. சாமி வந்த உடம்புக்குச் சுடாதாம்! எனக்கு உசுரு போறமாதிரி சுட்டுது. மூஞ்சியைச் சுளிக்க முடியுமா? சுளிச்சா கதை முடிஞ்சுது.

“ஏலேய்! மேளத்தை நிறுத்துங்கடா! எம்பிள்ளைக்குச் சூடு ஆகாதுடா! குளிர வைங்கடா!”ன்னேன். மோருப் பந்தல்ல ஐஸ்கட்டி போட்டு ரெண்டு டிரம் தண்ணி கிடந்துச்சு. பொம்பளைய குடம் குடமா கொண்டாந்தாளுவ. நான் அவியளைக் கீழ தள்ளி உக்கார வச்சு ஊத்துனேன், ஊத்துனேன், தலையில, நெஞ்சுல, கக்கத்துல. அப்பந்தான் அவியளுக்குக் கண்ணு மேல சொருகி, கை காலு விறைச்சு, வெட்டு வந்துட்டு. வாயில நுரை. சனம், “சாமி மலையேறுது”ங்கு.

இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். பேச்சி எப்படிக்கா ஆஸ்பத்திரின்னு சொல்லுவா? யோசிக்க நேரமில்ல. “வெள்ளைக் கட்டடத்துக்குக் கொண்டு போங்கடா!”ன்னு கத்துனேன். ஒரு கிழவன் கையைக் கட்டிக்கிட்டு, “தாயி, எந்த வெள்ளைக் கட்டடம்னு தெளிவாச் சொல்லணும்”ங்கான். அந்த நேரத்துல அவன் தெளிவு கேக்கான்! “ஊசி போடுற கட்டடம்டா! சுயம்பு, வண்டியை எடுடா!”ன்னேன். கொழுந்தனை ஊரு முன்னால டா போட்டது அன்னைக்குத்தான். அதுல ஒரு திருப்தி, உள்ளதைச் சொல்லுதேன்.

அவன் தன்னோட குட்டியானை வண்டியைக் கொண்டாந்தான். எட்டு கிலோமீட்டரை எப்படித்தான் ஓட்டுனானோ. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு ஊசியைப் போட்டு, குளுக்கோசு ஏத்தி, 108-ல பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாவ. சுயம்பு பின்னாலயே வண்டியை விட்டுட்டு வந்தான், பதினோரு நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவுலதான் கிடந்தான். கிடக்கட்டும். ஒரு வருசம் முன்ன சொன்ன வார்த்தைக்கு அது ஈடாகுமா?

அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. என் தலைவிரி கோலத்தையும் மஞ்சளையும் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. அவியளுக்குக் காய்ச்சல் நூத்தாறு. நெஞ்சு நிமிசத்துக்கு நூத்தி எழுவது தடவ அடிக்குதாம். குழாய் போட்டு எடுத்த மூத்திரம் கடுங்காப்பி மாதிரி கறுப்பா இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் அந்தம்மா என் பக்கம் திரும்பி, “என்ன சாப்பிட்டாரு?”ன்னாவ.

“பானகம்”னேன்.

“வேற?”

“பச்சரிசிச் சோறு ஒரு கை.”

“அம்மா, இது வெயில்ல மட்டும் வந்தது இல்ல. கண்ணு விரிஞ்சிருக்கு, தாடை இறுகியிருக்கு. ஏதோ மருந்து உள்ள போயிருக்கு. என்னன்னு தெரியாம நாங்க ரத்த அழுத்தத்துக்கு வழக்கமான ஊசியைப் போட்டா அதுவே இவரைக் கொன்னுடலாம். என்ன சாப்பிட்டாரு?”

சுயம்பு பக்கத்துல நிக்கான். அவனை வெளிய போகச் சொன்னேன். போனான்.

“ஒரு மாத்திரை. முழிச்சிருக்கதுக்கு லாரிக்காரங்க போடுறது.”

“ஒண்ணுக்கு இப்படி ஆகாதே.”

“ரெண்டு.”

அந்தம்மா என் கையைப் பிடிச்சாவ. மஞ்ச அப்பிக்கிடந்த கையை. அப்பம் எனக்கு உடைஞ்சு போச்சு யக்கா. “மூணு”ன்னேன். “மேளம் எடுத்த பொறவும் சாமி வர நேரமாகுதுன்னு எனக்குத் தோணிட்டு, மூணாவதையும் நானே அவிய வாயில போட்டேன்”ன்னேன். இதை உங்ககிட்டயும் முதல்ல ஒண்ணு, பொறவு ரெண்டுன்னுதான் சொன்னேன். மூணு. அட்டையும் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன், அவுத்துக் குடுத்தேன்.

அப்பம் சொன்னாவ, உள்ள என்ன நடந்துச்சுன்னு. அந்த மாத்திரை நெஞ்சைப் போட்டு விரட்டுமாம். ரத்தக்குழாயை எல்லாம் சுருக்கிருமாம். உள்ள சூடு ஏறிக்கிட்டே போகும், வெளிய போக வழி இருக்காது. பசி தெரியாது, தாகம் தெரியாது, ஓஞ்சு போனதும் தெரியாது. ஓயணும்னு உடம்பு சொல்லுத சொல்லு மூளைக்கே போகாதாம். அந்தச் சூட்டுலயும் ஆட்டத்துலயும் சதை உள்ளுக்குள்ளயே கரைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. அது போயி கிட்னியில அடைச்சிருக்கு. அந்தக் கறுப்பு மூத்திரம், அது அவிய சதை யக்கா. தாரு சுமந்த சதை. “தண்ணி ஊத்தி குளிர வச்சது யாரு?”ன்னு கேட்டாவ. நான்தான்னேன். “அதுதான் உயிரைப் பிடிச்சு வச்சிருக்கு”ன்னாவ. அந்தம்மா என்னையத் திட்டவே இல்ல. திட்டியிருக்கலாம்.

பதினோரு நாளு. மிசின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணி, வெட்டு வராம மயக்கத்துல வச்சு, கண்ணு முழிச்சாவ. முழிச்சதும் கேட்ட மொத வார்த்தை என்ன தெரியுமா? “ஏட்டி, அன்னைக்கு மாடன் நல்லா இறங்கினாராட்டி?”

அவிய மூஞ்சியில அப்படி ஒரு ஒளி. “இறங்கினாரு. அப்பனை மிஞ்சிட்டியன்னு ஊரே சொல்லுது”ன்னேன். கண்ணுல தண்ணி ஓடுது அவியளுக்கு. டாக்டரம்மாகிட்ட தனியாப் போயி, மாத்திரை விசயத்தை அவியகிட்ட சொல்லாதிய, நானே சொல்லிக்கிடுதேன்னு கெஞ்சுனேன். “நீங்க சொல்லியே ஆகணும்”னாவ. சொல்லணும்னுதான் இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு ஒரு வருசம் போயிட்டு.

அந்த ஒரு வருசம் ஊரு என்னைய எப்படி வச்சிருந்துச்சுன்னு கேளுங்க. ஒம்பது வருசம் கழிச்சு இறங்குன பேச்சில்லா! வெள்ளிக்கிழமையானா வாசல்ல பத்துப் பேரு. திருநீறு குடு தாயிம்பாளுவ. எனக்கு வேண்டாம்னுதான் இருந்துச்சு. வந்தவளுவ மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு குடுத்தேன். திருநீறுக்கு ஒரு பித்தளைத் தட்டு வாங்கி வச்சேன், அதுவும் அவளுவ சௌகரியத்துக்குத்தான். இறங்கிப் போனாள்ல, அதுல சேப்பு ரவிக்கைக்காரி, அவ மவளுக்கு நான் பூசிவிட்ட திருநீறுலதான் சுகப்பிரசவம் ஆச்சுன்னு என் காலுல விழுந்தவ. இன்னைக்கு நான் அவளுக்குக் கள்ளப் பேச்சி. பிள்ளை மட்டும் கள்ளப்பிள்ளை இல்லியே?

சரி, ஏன் இப்ப வெளிய வந்துச்சுங்கிய. அதுக்குத்தான் வாரேன்.

போன செவ்வாய் கொடைக்குப் பந்தக்கால் நாட்டு. இனிமே ஆட வேண்டாம்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காவ. விரதம் ஆகாது, வெயில் ஆகாது, நெஞ்சு இன்னொரு ஓட்டம் தாங்காது. இவிய கேப்பாவளா? “போன வருசம் வந்தவரு இந்த வருசம் வராமப் போயிருவாரா? அவரு வந்துட்டா எனக்கு என்ன நோவு?”ங்காவ. வீட்டுல அழுது பாத்தேன், சண்டை போட்டேன், சோறு திங்காமக் கிடந்தேன். கோயிலுக்குப் போயிட்டாவ. சுயம்பு மஞ்சக் காப்பை எடுத்து, “எங்க அண்ணனைவிட இந்தச் சில்லாவுல ஆட ஆளு கிடையாது”ன்னு பெருமையா சொல்லி கையில கட்டப் போறான். இவிய கையை நீட்டிக்கிட்டு நிக்காவ. இருவது கிலோ குறைஞ்ச உடம்பு. மூஞ்சியில அதே ஒளி.

திரும்பவும் கொண்டையை அவுத்திருக்கலாம். ஊரு கேட்டிருக்கும். பேச்சி வேண்டாம்னு சொல்லிட்டான்னு இந்த ஒரு கொடை தப்பியிருக்கும். அடுத்த கொடைக்கு? அதுக்கு அடுத்ததுக்கு? மாடன் தன்மேல வந்தாருன்னு நம்புத வரைக்கும் இந்த மனுசன் செத்தாலும் ஆடாம இருக்க மாட்டாவ.

நேரா பீடத்துக்குப் போயி சூடத்தைப் பத்த வச்சேன். “கட்டாதல சுயம்பு. போன வருசம் எங்க வீட்டுக்காரரு மேல வந்தது மாடன் இல்ல. நான் குடுத்த மாத்திரை. மூணு மாத்திரை. எம்மேல வந்ததும் பேச்சி இல்ல. எரியுத சூடத்து மேல சத்தியம்”னு அடிச்சு அணைச்சேன். பொறவு ஆளாளுக்குச் சத்தம். சாமியை வச்சு விளையாடிட்டா, கோயிலுக்குள்ள விடக் கூடாது, கள்ளி, கள்ளப் பேச்சி. நானும் விடல. “மாத்திரையில வந்ததை மாடன்னு கும்பிட்டிய. கொதிக்கிற பானையை அவிய தலையில கவுத்தப் பாத்திய. அதை எத்தி விட்டவ கள்ளியா? அப்படின்னா ஆமா, நான் கள்ளிதான். போங்க”ன்னேன். கோயிலுக்குள்ள விடாட்டி விடாதிய. பேச்சிக்கு என்னையப் பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வரட்டும்.

ஊரை விடுங்க யக்கா. ஊரு என்ன பெரிய ஊரு.

இவிய நீட்டுன கையை மடக்குனாவ. வீட்டுக்கு நடந்து வந்தாவ, நான் பின்னாலயே வந்தேன். வாசல்நடையில நின்னு திரும்பி, “எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நாளுதாம்ட்டி. அதையும் எடுத்துட்டியே”ன்னாவ. அவ்வளவுதான். அதுக்குப் பொறவு இன்னைக்கு அஞ்சு நாளு, எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. சோறு வச்சா திங்காவ. நான் மாத்திரையை எடுத்து நீட்டுனா மட்டும் வாங்க மாட்டேங்காவ. தானே அட்டையை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்துல வச்சு, எழுத்துக்கூட்டிப் பேரை வாசிச்சு, பொறவுதான் போடுதாவ. இருவத்திரெண்டு வருசம் என்னன்னு கேக்காம வாயில போட்ட மனுசன். அது வலிக்கு யக்கா. ஊரு பூரா கள்ளின்னு சொன்னதுல ஒரு துளி வலிக்கல, இது வலிக்கு.

ஆனா நான் செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். மாத்திரை குடுத்தது தப்பு, அது எந்தப்பு, இப்ப சொல்லிட்டேன், போதுமா? சுயம்பு மேல போட்டது சும்மா. ஆனா சூடத்தை அடிச்சது தப்பில்ல. அந்த ஒரு நாளை எடுத்தேன்தான். எடுக்காம இருந்தா மிச்ச நாளு எல்லாம் போயிருக்கும். பேசாட்டிப் போறாவ. உசுரோட இருந்துக்கிட்டுல்லா பேசாம இருக்காவ!

பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் முதல்ல இறங்கணும். இந்த பஸ்ஸு படி உயரம், இறங்கும்போது அவியளுக்குத் தலை சுத்தும். கையைக் குடுத்தா பிடிக்க மாட்டாவ. பிடிக்க வேண்டாம். விழுந்தா தாங்குற தூரத்துல நான் நிப்பேன்.